கோழி யாருக்கு?

அல்ஹாஜ் எம்.ஐ. ஜெஸீம் அவர்களின் பெயர்ப்பலகையை முழுதாகப் படித்து முடிப்பதற்குள் மோட்டார் சைக்கிளின் சூடு ஆறிவிடும். பாடசாலை அதிபர், சமாதான நீதவான், இளைஞர் ஒழுக்க மேம்பாட்டு ஒன்றியத்தின் ஆயுட்காலத் தலைவர். அதற்கும் கீழே, இடம் போதாமல், எறும்பு எழுத்தில் இன்னும் இரண்டு பட்டங்கள்.

வீடு அவருடைய மனைவியுடையது. எங்கள் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை கையை வீசிக்கொண்டு வந்து குடியேறுகிறவர். ஆகவே அந்த வளவுக்குள் ஜெஸீமுக்கு முழு உரித்துள்ள பொருள் அந்தப் பலகை ஒன்றுதான். அதனால் பெரிதாகவே செய்வித்திருந்தார்.

திங்கட்கிழமை காலை அந்தப் பலகைக்குக் கீழே தம்பி நளீர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். சட்டைப் பையில் சீமெந்துத் தூள். முகத்தில் சந்தேகம்.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. தங்கை ஜெனூபாவின் மகள் அம்ஹாவுக்கு, சீனித்தம்பியின் மகன் ஹாதிக்கைக் கேட்டுப் போக வேண்டும். மாப்பிள்ளையைப் பெண்வீட்டார்தான் கேட்டுப் போவார்கள், கேட்கிற வாய் மூத்த மாமாவுடையதாக இருக்க வேண்டும். ஜெனூபாவின் கணவர் கத்தாரில் லொறி ஓட்டுகிறார். மூத்த மாமாவோ முதலில் பரீட்சைக் கடமை என்றார், பிறகு நாள் சரியில்லை என்றார், போன கிழமை தொண்டைக் கட்டு என்றார். இதற்கிடையில் ஹாதிக் கல்முனைக்குடியில் திறந்த வீடியோ கேம் கடையை மூட வேண்டும் என்று ஒன்றியத்தில் ஒரு தீர்மானமும் எடுத்துவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அதை வாசிக்கப் போகிறவரும் அவரேதான்.

சீனித்தம்பி வீட்டிலிருந்து நேற்றுச் சொல்லியனுப்பிவிட்டார்கள். இன்றைக்குக் கேட்டால் கேட்டது. இல்லாவிட்டால் சம்மாந்துறையில் இன்னொரு வீட்டார் காத்திருக்கிறார்கள்.

“அஸர் தொழுத பொறகு போறம் காக்கா. ஜெனூ பலகாரம் எல்லாம் செஞ்சிட்டாள்.”

எங்கள் கரையில் அண்ணனும் மூத்தவர்களும் காக்காதான். ஜெஸீம் தொண்டையைத் தடவினார். “இருமல் இன்னும் போகல்லடா.”

“கேக்கிறது ஒரு சொல்லுத்தானே. பாட்டுப் படிக்கவா போறம்?”

“நான் ஒரு பொறுப்புல இரிக்கிறவன். இண்டைக்குப் போய் கேம் கடைக்காரன்ட வாசல்ல நிண்டா, வெள்ளிக்கிழம எந்த மூஞ்சோட தீர்மானம் வாசிக்கிற?”

“அப்ப தீர்மானத்த விடுங்க.”

“சமூகத்த விடச் சொல்றயா?”

சமூகம் என்ற சொல் வந்தவுடன் ஜெஸீமின் வலது கை தானாக உயரும். ஒலிவாங்கி இல்லாத இடங்களில் அந்தக் கைக்கு வேலை கிடையாது. காதைச் சொறிந்துவிட்டு இறங்கும். இன்று அது இறங்கும் வழியில் தம்பியைச் சுட்டிக்காட்டியது.

“உன்னயே எடு. அண்டைக்கு நான் உன்ட காதப் புடிச்சி இழுத்துக்கிட்டு வராட்டி நீ இப்ப எங்க இரிந்திரிப்பாய்?”

“சீமெந்துக் கடையில இரிந்திரிப்பன். இப்பயும் அங்கதானே காக்கா இரிக்கன்.”

ஜெஸீம் இதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. காதுக் கதை அவருடைய எல்லாப் பேச்சுகளின் மகுடம். ஒரு மூத்தவன், கேம் கடையில் சீரழிந்துகொண்டிருந்த தன் தம்பியைக் காதில் பிடித்து இழுத்து வந்து நல்வழிப்படுத்திய கதை. பரிசளிப்பு விழாக்களில் தாய்மார் கண் துடைத்திருக்கிறார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நளீரும், அந்தச் சீரழிந்த தம்பி தான்தான் என்று எழுந்து காட்டாமல், கையைத் தட்டியிருக்கிறான்.

“வாறயளா, இல்லயா?”

“பாப்பம்.”

நளீர் வாசலுக்கு வந்தபோது அவனுக்குள் ஒரு கணக்கு ஓடியது. காக்காவின் மகன் கொழும்பில் படிக்கிறான். அம்ஹாவுக்கு முறைப் பையன். ஜெனூபா அம்ஹாவுக்காகவே கட்டிய மாடிவீடு அவளுடன் யாருக்குப் போகும்? இந்தச் சம்பந்தம் குழம்பினால் யாருக்கு வசதி?

அப்படியென்றால் இருமல் தொண்டையில் இல்லை. மாடிவீட்டில் இருக்கிறது.

*

காதுக் கதையின் மற்றப் பக்கத்தைச் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இருவரும் பள்ளிக்கூடம் போன காலத்தில், கல்முனை பஜாரில் ஒரு தையற்கடைக்குப் பின்னால் சீனித்தம்பியின் கேம் கடை இருந்தது. குர்ஆன் ஓதப் பள்ளிக்குப் போகிற சின்னப் பிள்ளைகளின் குறுக்குப் பாதை அதன் வாசலைத் தாண்டித்தான். கரண்ட் இருந்தால் கரண்டில், இல்லாவிட்டால் ஜெனரேட்டர் புகையில். அலுமாரி போல ஒரு பெட்டி, அதில் ஒரு திரை, திரைக்குக் கீழே இரண்டு கைப்பிடிகள். இடப்பக்கத்துப் பிடி சிவப்புப் பெனியன்காரனை ஓட்டும், வலப்பக்கத்துப் பிடி நீலப் பெனியன்காரனை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தெரு நீளத்துக்கு ரவுடிகளை அடித்துக்கொண்டு போக வேண்டும். கவனமில்லாமல் குத்தினால் தன் ஆளுக்கே விழும்.

சிவப்பு ஜெஸீம். நீலம் நளீர். நளீருக்கு உயரம் காணாது என்று சீனித்தம்பி ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்து வைப்பார்.

தெருவோரப் பீப்பாயை உடைத்தால் உள்ளே ஒரு முழுப் பொரித்த கோழி இருக்கும். தின்றால் உயிர்க்கோடு நீளும். அது ஹலாலாக அறுத்த கோழிதானா என்று விசாரிக்க ஒழுக்க மேம்பாட்டு ஒன்றியம் அப்போது ஆரம்பிக்கப்பட்டிருக்கவில்லை.

ஆனால் சட்டம் ஒன்று இருந்தது. இயற்றியவர் ஜெஸீம். யாருடைய உயிர்க்கோடு கட்டையோ அவனுக்குத்தான் கோழி. மற்றவன் கோழிக்குப் பக்கத்தில் நின்றாலும் தாண்டிக் குதித்துப் போய்விட வேண்டும். பிற்காலத்தில் அவர் நிறைவேற்றிய எந்தத் தீர்மானமும் அவ்வளவு நேர்மையாக அமுலானதில்லை.

அன்றைக்குக் கடைசிக் கோடரிக்காரன் வரைக்கும் போய்விட்டார்கள். ஊரில் எவரும் அவ்வளவு தூரம் போனதில்லை. ஆட்டம் முடிகிற நேரத்தில் டோக்கன் தீர்ந்தது. “இரி, வாறன்” என்று ஜெஸீம் எங்கேயோ போனார். கொஞ்ச நேரத்தில் டோக்கனுடன் வந்தார். அவருக்குப் பின்னால், வாசலை அடைத்துக்கொண்டு, இருவரையும் பெற்ற வாப்பா வந்தார்.

நளீர் திரும்புவதற்குள் அவனுடைய காது காக்காவின் கையில் இருந்தது. “இவன இப்பதான் புடிச்சன் வாப்பா!”

அடி நளீருக்கு. நல்ல பெயர் ஜெஸீமுக்கு. அந்தத் தவணை முடிந்ததும் நளீரைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, அக்கரைப்பற்றில் மாமாவின் சீமெந்துக் கடையில் விட்டார்கள். ஜெஸீம் படித்தார், பலகை வளர்ந்தது.

டோக்கனுக்கென்று போன காக்கா எங்கே போனார்? வாப்பாவைக் கூட்டி வரத்தான் போனார். இதில் நளீருக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை. அவனுடைய மற்றச் சந்தேகங்கள் எல்லாம் இந்த உறுதியின் மேல் எழுப்பிய மாடிகள்.

*

மத்தியானம் ஜெனூபாவின் குசினியில் நெய் மணந்தது. மஸ்கட், தொதல், கொக்கிஸ் என்று பலகாரங்களைத் தட்டுகளில் அடுக்கி, மேலே சரிகைத் துணி போட்டிருந்தாள். நளீருக்குச் சோறு வைத்து, கோழிக் கறிச் சட்டியைக் கரண்டியால் கிளறி, காலோடு தொடை சேர்ந்த பெரிய துண்டைத் தேடிப் பிடித்து அவன் சோற்றுக் கோப்பையில் போட்டாள்.

அது அவளுடைய பழக்கம். அந்த அடி விழுந்த நாளில் தன் பங்குத் துண்டை எடுத்து அவன் கோப்பையில் வைத்தவள். அதன் பிறகு, பெருநாள் என்றாலும் மரணம் நடந்த மையத்து வீடு என்றாலும், நளீருக்குப் பெரிய துண்டுதான். அவனும் ஏனென்று கேட்டதில்லை. கோழியைக் கேள்வி கேட்கிறவன் எங்கே இருக்கிறான்?

“பெரிய காக்கா வாறாரா, சின்னக் காக்கா?”

“பாப்பம் எண்டாரு.”

“பாக்க அதுல என்ன இரிக்கி? பொறந்த நாள்ல இருந்து பாத்துக்கிட்டுத்தானே இரிக்காரு என்ட புள்ளய.” அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “இது குழம்பினா நான் அவள எங்க கொண்டு போய்க் குடுக்கிற? ஊரே கதைக்கும்.”

அம்ஹா கதவுநிலையில் சாய்ந்து நின்றாள். முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். ஹாதிக்கை அவளுக்கு ரியூசன் வகுப்பிலிருந்தே தெரியும். இது எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் தெரியாத மாதிரி இருக்கிறார்கள்.

“பெரிய மாமாக்கு ஏலாட்டி சொல்லச் சொல்லுங்க மாமா. நானே போய்க் கேட்டுட்டு வாறன்.”

“வாய மூடு புள்ள!” ஜெனூபா கரண்டியை ஓங்கினாள். பிறகு நளீர் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். “இஞ்ச பாருங்க, சின்னக் காக்கா. அங்க போய்ப் பழைய கதை ஒண்டும் எடுக்க வேணாம். கேம் கடை, வாப்பா அடிச்சது, ஒண்டும் வேணாம். கேளுங்க, தேத்தண்ணியக் குடிங்க, வாங்க.”

“நான் ஏன் எடுக்கப் போறன்?”

“நீங்க எடுக்காட்டியும் சீனித்தம்பி காக்கா எடுப்பாரு. எடுத்தா எழும்பிருங்க.”

பெரிய காக்காவின் மானத்தைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்று நளீர் எடுத்துக்கொண்டான். வாயில் கோழி இருக்கும்போது மனிதன் அதற்கு மேல் யோசிப்பதில்லை.

*

அஸருக்குப் பிறகு ஜெஸீம் வந்துவிட்டார். வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தொப்பி, மூன்று வீடு தள்ளி நின்றாலும் மூக்கில் ஏறுகிற அத்தர். வராமல் விட்டால் ஊர் கதைக்கும், வந்து குழப்பினால் விதி என்று சொல்லிக்கொள்ளலாம். நளீர் அப்படித்தான் கணக்குப் போட்டான்.

சீனித்தம்பியின் வீட்டு முன்மண்டபம்தான் ஹாதிக்கின் கடை. விருந்தாளிகளுக்காக இன்று மூடியிருந்தது. சுவரோரம் வரிசையாகக் கணினிகள், ஹெட்போன்கள். மூலையில், ஒரு பழைய கட்டில் விரிப்பால் மூடி, அலுமாரி அளவில் என்னவோ நின்றது.

“வாங்க அதிபர் சேர்.” சீனித்தம்பிக்கு முன்பற்கள் இரண்டு போய்விட்டன. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. “நம்மட கடைக்கு வந்து கனகாலம்.”

“நான் எங்க வந்தன்?” என்றார் ஜெஸீம்.

சொல்லி முடிப்பதற்குள் வந்த பதில். நளீர் காக்காவைத் திரும்பிப் பார்த்தான். காக்காவின் பார்வை மாப்பிள்ளை மேலும் இல்லை, சம்பந்தி மேலும் இல்லை. அந்த விரிப்பின் மேல் இருந்தது.

நளீரின் மாடிகளில் ஒன்று ஆடியது. காக்கா இழுத்தடித்தது மாடிவீட்டுக்காக இல்லையோ? இந்தக் கிழவனுடைய வாய்க்குப் பயந்தோ?

தேநீர் வந்தது. ஜெஸீம் எழுந்து நின்றார். மாப்பிள்ளை கேட்க நிற்கத் தேவையில்லை, பேச்சுக்கு நின்று பழகியவர்.

“எமது இரு குடும்பங்களும் இப்பிரதேசத்தின் ஒழுக்க விழுமியங்களோடு பின்னிப் பிணைந்தவை என்ற வகையில், ஒரு மூத்த மாமாவாகவும், ஒரு சமூகப் பொறுப்பாளனாகவும் இரட்டை நிலையில் நிற்கும் அடியேன், தற்போதைய சூழலைக் கருத்திற்கொண்டு, ஒரு குறிப்பிட்ட கால அவகாசம்…”

அவகாசம். இதோ போகிறது அம்ஹாவின் மாப்பிள்ளை, சம்மாந்துறைக்கு.

“இரிங்க சேர், தேத்தண்ணி ஆறுது.” சீனித்தம்பி கையைக் காட்டினார். “அவகாசத்த மறுகா பாப்பம். மகன், அத ஒருக்கா தொற. நேத்துத்தான் செஞ்சி முடிச்சவன். இஞ்ச வாற புள்ளயள் ஒவ்வொருத்தனும் காத மூடிக்கிட்டுத் தனியத் தனிய இரிக்கானுகள். இதுக்கு ரெண்டு பேர் வேணும்.”

ஹாதிக் விரிப்பை இழுத்தான். அதே பெட்டி. புதுத் திரை, பழைய கைப்பிடிகள். இடப்பக்கத்துப் பிடியின் குமிழில் அந்தக் காலத்து உடைவு.

“நளீர், வா. இப்ப சோடாப் பெட்டி தேவப்படாது உனக்கு.”

ஜெனூபாவின் எச்சரிக்கை நளீருக்கு ஞாபகம் வந்தது. எழும்பிவிடச் சொன்னாள். எழும்பினான், ஆனால் கால் வாசலுக்குப் போகாமல் வலப்பக்கத்துப் பிடிக்குப் போனது.

“அதிபர் சேர்?”

“எனக்கு இதெல்லாம் தெரியா,” என்றார் ஜெஸீம், தொப்பியைச் சரிசெய்துகொண்டு.

ஆகவே மாப்பிள்ளைதான் இடப்பக்கம் நின்றான். திரையில் சிவப்பும் நீலமும் நடக்கத் தொடங்கின. ஹாதிக் விரலில் வேகக்காரன். தனியாக ஆடிப் பழகிய வேகம். முன்னால் ஓடினான், பின்னால் நின்ற நீலத்தை மூன்று ரவுடிகள் சுற்றிக்கொண்டார்கள். நளீரின் கை பழைய கை இல்லை. உயிர்க்கோடு குறைந்து குறைந்து நகத்துண்டு அளவுக்கு வந்தது.

ஜெஸீம் உட்கார்ந்திருந்த கதிரையின் நுனிக்கு வந்திருந்தார். தேநீர்க் கோப்பை சாய்ந்து ஜிப்பாவில் சொட்டுவது அவருக்குத் தெரியவில்லை.

சிவப்பு ஒரு பீப்பாயை உடைத்தது. கோழி உருண்டு வந்தது. ஹாதிக் போகிற போக்கில் அதைத் தின்றான்.

“டேய்! அது அவன்ட கோழிடா!”

மண்டபம் அதிர்ந்தது. கதவுத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். சமாதான நீதவான் எழுந்து நின்றுகொண்டிருந்தார். தொப்பி கதிரையில் கிடந்தது.

“கோடு கட்டயா இரிக்கவனுக்குத்தான்டா கோழி! ஆரு உனக்கு ஆட்டம் படிப்பிச்ச? தள்ளு!”

எதிர்கால மருமகனை முழங்கையால் ஒதுக்கிவிட்டு இடப்பக்கத்துப் பிடியைப் பிடித்தார். “தம்பி, பின்னால நில். நான் அடைக்கன். அடுத்த பீப்பாய உடைச்சுத் தாறன், நீ எடு.” அவர் குரலில் ஒன்றியமும் இல்லை, விழுமியமும் இல்லை. உடைத்தார். கோழி உருண்டது. சிவப்பு அதைத் தாண்டிக் குதித்தது. நீலம் தின்றது.

இருவரும் கோடரிக்காரன் வரைக்கும் போனார்கள். போகிற வழியில் ஜிப்பாவின் கையைச் சுருட்டிக்கொள்ளக்கூட ஜெஸீமுக்கு நேரமிருக்கவில்லை. கோடரிக்காரன் இருவரையும் ஒன்றாகச் சாய்த்தான். திரை இருண்டது. இருண்ட திரையில் அவருடைய முகம் தெரிந்தது. பின்னால் எல்லோருடைய முகமும் தெரிந்தது.

சீனித்தம்பி தொப்பியை எடுத்துத் தட்டி நீட்டினார்.

“எனக்குத் தெரியா எண்டீங்களே சேர்.”

ஜெஸீம் தொப்பியை வாங்கினார், போடவில்லை. கையில் வைத்துக்கொண்டே கேட்டார். “காக்கா, எங்கட அம்ஹாக்கு உங்கட ஹாதிக்கக் கேட்டு வந்திரிக்கம். தருவீங்களா?”

அவர் வாழ்க்கையிலேயே பேசிய மிகச் சிறிய பேச்சு அது.

“தாறம்.” சீனித்தம்பி ஒரு துண்டு மஸ்கட்டை வாயில் போட்டார். “வெள்ளிக்கிழம கடய மூடத் தேவல்லயே?”

“அத நான் பாத்துக்குறன்,” என்றார் ஜெஸீம். எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்பது அவருக்கே தெரியாது என்று அவருடைய காது சிவந்திருந்த விதம் சொன்னது.

*

வாசல் கேற்றடியில் ஜெஸீம் முன்னால் போய்விட, சீனித்தம்பி நளீரின் தோளைப் பிடித்தார்.

“உன்ட காக்காவ இன்னும் அப்புடித்தான் பாக்கிறயா? அவன்தான் வாப்பாக்கிட்டச் சொன்ன எண்டு?”

நளீர் திடுக்கிட்டான். “டோக்கன் முடிஞ்ச நேரம் போனாரே. போய்த்தானே…”

“எங்க போன? என்ட மேசைக்குப் பக்கத்துல நிண்டு, ஓசியா ஒரு டோக்கன் தாங்க காக்கா எண்டு அழுதுக்கிட்டு நிண்டவன். நான் குடுத்தன். வெளிய போகவே இல்ல. காதப் புடிச்சது அவன்ட கெட்டித்தனம். சொல்லிக் குடுத்தது அவன் இல்ல.”

“அப்ப ஆரு?”

சீனித்தம்பி சிரித்தார். பல்லில்லாத இடத்தை நாக்கால் தொட்டுக்கொண்டார்.

“அஸருக்கு முதல் கேட்டிரிந்தா சொல்லிரிப்பன் தம்பி. இப்ப சம்பந்தி ஊடு. சம்பந்தி ஊட்டப் பத்தி என்ட வாயால ஒண்டும் வராது.”

*

மஃரிப் தொழுதுவிட்டு நளீர் சொன்ன செய்தியை ஜெனூபா இரண்டு தரம் கேட்டாள். அல்ஹம்துலில்லாஹ் என்றாள். கத்தாருக்குப் போன் எடுத்து அழுதாள், சிரித்தாள். அம்ஹா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்கு உள்ளே போன் மணி அடித்தது, ஒரே மணியில் எடுபட்டது.

சோறு வந்தது. ஜெனூபா எதிரே உட்கார்ந்து சட்டியைக் கிளறினாள்.

“அவரு வேற ஒண்டும் கதைக்கல்லயா, சீனித்தம்பி காக்கா?”

சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் கேட்கும்போது அவனைப் பார்க்கவில்லை.

“என்னத்தப் பத்தி?”

“சும்மா. பழைய ஆள்தானே. வாயி நிக்காது.” கரண்டி தேடியதைக் கண்டுபிடித்தது. காலோடு தொடை சேர்ந்த பெரிய துண்டு. அவன் கோப்பையில் வைத்தாள். “தின்னுங்க.”

நளீர் சோற்றில் கையை வைக்கவில்லை. அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். யாருடைய கோடு கட்டையோ அவனுக்குத்தான் கோழி. சட்டம் இயற்றியவர் ஜெஸீம். ஆனால் இத்தனை வருடமும், ஒரு நாள் தவறாமல், அதை நடைமுறைப்படுத்தி வந்தவள் வேறொருத்தி.

அறைக்குள்ளே அம்ஹா சிரிக்கிற சத்தம் கேட்டது.

“ஜெனூ,” என்றான். “அடி விழுந்த அண்டைக்கு நீ ஓதப் பள்ளிக்கு எந்தப் பாதையால போனாய்?”

கரண்டி சட்டிக்குள் நின்றுவிட்டது.